எண்ணும் விலையும்: சென்னை மாகாணத் தொடக்கக் கல்வியில் புள்ளிவிவரமும் அரசு மானியமும் (1822–1904)

1. முன்னுரை

பள்ளிக் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் கையில் முதற்கண் அகப்படுவன எண்களே. இத்தனை பள்ளிகள், இத்தனை மாணவர், இத்தனை பேர் தேறினர், இத்தனை ரூபாய் செலவாயிற்று என அரசாங்க அறிக்கைகள் ஆண்டுதோறும் அட்டவணைகளைத் தந்துள்ளன. கல்வெட்டையும் ஏட்டையும் ஐயுற்று நோக்கப் பழகிய ஆராய்ச்சியாளரும் அச்சேறிய அட்டவணையைக் கண்டவுடன் ஐயம் நீங்கி அமைவதுண்டு. ஓர் ஏட்டின் பாடத்தைக் கொள்ளுமுன் அதனைப் படியெடுத்தவர் யார், எம்மூலத்தைக் கொண்டு படியெடுத்தார் என்று வினவுகின்றோம். ஓர் எண்ணைக் கொள்ளுமுன் அங்ஙனம் வினவுதல் அரிதாகவே உள்ளது.

சென்னை மாகாணத்துத் தொடக்கக் கல்வி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு வேறு முறைகளில் எண்ணப்பட்டது. முதலாவது, ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கி 1826இல் முடித்த கணக்கெடுப்பு. இரண்டாவது, 1860களில் தோன்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலவிய தேர்ச்சி மானிய முறை; அதாவது மாணவர் தேர்வில் பெறும் தேர்ச்சியை எண்ணி அதற்கேற்பப் பள்ளிக்குப் பணம் அளித்தல். முன்னது அறிதற்பொருட்டு எண்ணியது. பின்னது கொடுத்தற்பொருட்டு எண்ணியது. பணம் சாராதவரை எண் ஒரு வினாவாக நிற்கின்றது என்பதும், பணம் சார்ந்தவுடன் அது விலையாக மாறித் தான் அளக்க வந்த பொருளையே மாற்றிவிடுகின்றது என்பதும் யாம் இக்கட்டுரையில் காட்ட முயலும் கருத்துகளாம்.

2. மன்றோவின் கணக்கெடுப்பு

1822 ஜூன் 25ஆம் நாள் எழுதிய குறிப்பில் மன்றோ, இந்நாட்டு மக்களின் கல்விநிலை பற்றி அரசினரிடம் ஒழுங்கான செய்தி ஏதும் இல்லை என்பதை எடுத்துக்காட்டி, மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளையும் மாணவரையும் எண்ணி அனுப்புமாறு கலெக்டர்களைப் பணித்தார். அவர்கள் நிரப்புதற்கு ஓர் அட்டவணைப் படிவமும் அனுப்பப்பட்டது. அதில் மாணவர் ஆண், பெண் என்றும், பிராமணர், வைசியர், சூத்திரர், ஏனைச் சாதியார், முஸ்லிம்கள் என்றும் பகுக்கப்பட்டிருந்தனர். விடைகள் வந்து சேர இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயின. வருவாய் வாரியம் அவற்றைத் தொகுத்து 1825 பிப்ரவரியில் அரசுக்கு அனுப்பியது. கனரா மாவட்டத்திலிருந்து எண்கள் வரவேயில்லை.

தொகுப்பின்படி மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, மாணவர் 1,88,650. இவர்களுள் ஆண்கள் 1,84,110, பெண்கள் 4,540. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது இதனாற் பெறப்படும். பெண்கள் மிகச் சிலரே பயின்றமையின் ஐந்நூறு பேருக்கு ஒன்று எனக் கொள்ளலாம் என்று மன்றோ கருதினார்.

1826 மார்ச் 10ஆம் நாள் எழுதிய குறிப்பில் அவர் இவ்வெண்களை ஆராய்ந்த முறை நாம் இன்றும் கற்கத்தக்கது. மக்கள்தொகையிற் பாதி ஆண்கள். அவர்களுள் ஒன்பதில் ஒரு பங்கினர் ஐந்து முதல் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர் எனக் கொண்டு, கற்கும் வயதினர் ஏறத்தாழ 7,13,000 பேர் எனக் கணித்தார். பள்ளியில் இருப்போர் 1,84,110 பேர் ஆதலின், நான்கில் ஒரு பங்கினர்க்குச் சற்று மிகுதியானோர் கற்கின்றனர் என்பது முதல் முடிவு. ஆயினும் அவர் இம்மட்டில் நிற்கவில்லை. அட்டவணை பள்ளியை மட்டுமே எண்ணியது. வீட்டிலிருந்து கற்போரை எண்ணவில்லை. சென்னை நகரில் மட்டும் அங்ஙனம் கற்போர் 26,903 பேர் என்று ஓர் எண் வந்திருந்தது. அந்நகரப் பள்ளிகளிற் கற்போரினும் அஃது ஏறத்தாழ ஐந்து மடங்கு. இவ்வெண்ணில் பிழை இருத்தல் கூடும் என்று மன்றோ ஐயுற்றார்; ஆனால் அதனை முற்றும் தள்ளவும் இல்லை. வீட்டுக் கல்வியையும் சேர்த்து நோக்கின், கல்வி பெறும் சிறுவர் நான்கில் ஒரு பங்கினும் மூன்றில் ஒரு பங்கினை ஒட்டியே இருப்பர் என முடித்தார்.

ஈண்டு நோக்கத்தக்கது அவர் பெற்ற விடையன்று. அவர் கைக்கொண்ட நெறியே. எண் எதனைக் கொண்டது, எதனை விட்டது, விட்டதனை எங்ஙனம் மதிப்பிடலாம் என்னும் மூன்றும் அக்குறிப்பில் வெளிப்படையாக உள்ளன. இவ்வெண்ணால் எந்தப் பள்ளிக்கும் ஒரு காசும் கூடுவதில்லை, குறைவதில்லை. எண்ணியவர்க்கும் எண்ணப்பட்டவர்க்கும் எண்ணைத் திரித்தலால் ஊதியம் இல்லை. ஆதலின் அதன்கண் உள்ள பிழைகள் சோம்பலாலும் அறியாமையாலும் நேர்ந்தன எனலாம். ஆதாயங் கருதி நேர்ந்தன எனல் இயலாது.

3. அட்டவணையும் அறிக்கையும்

மன்றோவின் கணக்கெடுப்புக்குப் பிறிதொரு சிறப்பும் உண்டு. எண்ணோடு சொல்லும் வந்தது. பெல்லாரிக் கலெக்டர் ஏ. டி. காம்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கை இதற்குச் சான்றாகும். இன்று கருநாடக மாநிலத்தைச் சார்ந்த அம்மாவட்டத்தில் மக்கள் 9,27,857 பேர், பள்ளிகள் 533, மாணவர் 6,641 பேர் எனக் கணக்கிடப்பட்டது. மாகாணம் முழுமைக்கும் ஏறத்தாழ 68 பேருக்கு ஒரு மாணவர் எனின், பெல்லாரியில் 140 பேருக்கு ஒருவரே ஆவர். அட்டவணை கூறுவது இவ்வளவே.

காம்பெல் இதற்கு மேலும் சென்றார். ஐந்தாம் வயதில் ஆசிரியரையும் மாணவரையும் வீட்டிற்கு அழைத்துப் பிள்ளையாரை முன்னிறுத்தி, குழந்தையின் விரல் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் வழக்கத்தை வருணித்தார். முதிர்ந்த மாணவர் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும், சிறு செலவில் எழுத்தறிவிக்கும் முறையையும் பாராட்டினார். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை ஆற்றிய பணி இதுவே. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல் இதனையொத்த முறையைக் கையாண்டு 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார் என்பது கல்வி வரலாற்றில் அறியப்பட்ட செய்தி.

காம்பெல் குறை கூறவும் தயங்கவில்லை. மாணவர் செய்யுளை மனப்பாடம் செய்கின்றனர். பொருள் அறிவதில்லை என்றார். முன்னர்ப் பள்ளி இருந்த பல ஊர்களில் இன்று இல்லை என்றும், ஆங்கிலத் துணி இறக்குமதியால் நெசவாளர் முதலியோர் வருவாய் குன்றிப் பிள்ளைகளின் கல்விச் செலவைத் தாங்கமாட்டாராயினர் என்றும் காரணம் காட்டினார். ஆட்சியாளர் ஒருவரே தம் ஆட்சியின் விளைவை இங்ஙனம் எழுதியமை குறிப்பிடத்தக்கது. 6,641 என்னும் எண் மட்டும் எஞ்சி இவ்வறிக்கை அழிந்திருப்பின், பெல்லாரி மக்கள் கல்வியில் நாட்டமற்றவர் என்று பிற்காலத்தார் எழுதியிருத்தல் கூடும். வறுமையால் நேர்ந்த குறை நாட்டமின்மையாகத் தோன்றியிருக்கும்.

அட்டவணையின் பகுப்பும் ஆராய்தற்குரியது. தமிழ் வழங்கும் மாவட்டங்களில் சூத்திரர், ஏனைச் சாதியார் என்னும் இரு பகுப்பினரும் சேர்ந்து மாணவருள் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமலும், தென்னார்க்காட்டில் எண்பத்துநான்குக்கு மேலாகவும் இருந்தனர். கல்வி ஒரு சில வகுப்பார்க்கே உரியதாயிருந்தது என்னும் கருத்தை இவ்வெண் மறுக்கின்றது. அதே வேளையில், 'ஏனைச் சாதியார்' என்னும் ஒரே பத்தியுள் பலரும் அடக்கப்பட்டமையின், ஒடுக்கப்பட்ட மக்களுள் எத்துணையர் பயின்றனர் என்பதனை அது தனியே காட்டுவதில்லை. படிவம் வகுத்தவர் வினவாததற்கு அட்டவணை விடை கூறாது.

மன்றோ கலெக்டர் ஆட்சிப்பகுதி ஒவ்வொன்றிலும் இரண்டு தலைமைப் பள்ளிகளும், தாசில் தோறும் ஒரு பள்ளியும் அமைக்கத் திட்டமிட்டார். ஆசிரியர்க்கு மாதம் முறையே 15 ரூபாயும் 9 ரூபாயும் ஊதியம். ஆண்டுச் செலவு ஏறத்தாழ அரை இலட்சம் ரூபாய். பணம் ஆசிரியரின் வாழ்க்கைக்காக அளிக்கப்படுவதாயிற்றே அன்றி மாணவரின் தேர்ச்சிக்கு விலையாக அன்று. 1827இல் மன்றோ இறந்தார். அவர் திட்டப்படி அமைந்த பள்ளிகள் பத்தாண்டு நிரம்புமுன் கைவிடப்பட்டன.

4. இங்கிலாந்தில் எழுந்த விதி

எண்ணைப் பணத்தோடு பிணைக்கும் முறை சென்னையில் தானே முளைத்ததன்று. அதன் பிறப்பிடத்தை அறிதல் வேண்டும்.

இங்கிலாந்தில் ஏழை மக்களின் கல்வியை ஆராய அமைந்த நியூகாசில் ஆணைக்குழு 1861இல் அறிக்கை அளித்தது. மக்களுள் 7.7 பேருக்கு ஒருவர் பள்ளியில் உள்ளார் என்று அது கணக்கிட்டது. ஆயினும் அவர்களுள் நான்கில் ஒரு பங்கினரே செம்மையாகக் கற்கின்றனர் எனக் கண்டது. மானியச் செலவோ ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தது. அக்காலத்துக் கல்விக்குழுத் துணைத்தலைவராயிருந்த ராபர்ட் லோ 1862இல் திருத்திய விதித்தொகையை நடைமுறைக்குக் கொணர்ந்தார். சராசரி வருகைக்குத் தலைக்கு 4 ஷில்லிங். இருநூறு முறைக்கு மேல் வருகை தந்த மாணவர் படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறின் 8 ஷில்லிங். தவறும் பாடம் ஒவ்வொன்றிற்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிவு. மாணவர் ஆறு தரங்களாகப் பகுக்கப்பட்டனர். ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து குழந்தை குழந்தையாகத் தேர்ந்து குறியிடுவார்.

செலவு குறைந்தது. 1861இல் 8 இலட்சத்து 13 ஆயிரம் பவுன் அளவில் இருந்த மானியம் 1865இல் 6 இலட்சத்து 37 ஆயிரம் அளவிற்கு இறங்கியது. கல்வி உயர்ந்ததா என்பது வேறு வினா. பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய புலவர் மாத்யூ ஆர்னல்டு தொடக்கம் முதலே இம்முறையை எதிர்த்தார். 1867ஆம் ஆண்டு அறிக்கையில் பள்ளிகளின் அறிவுக் கிளர்ச்சி குன்றிப் பொறித்தன்மை மிகுந்துவிட்டது என எழுதினார். வாசகப் புத்தகத்தை முழுதும் மனப்பாடம் செய்துவிட்ட குழந்தைகள் அதனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிழையின்றி 'வாசித்த' கதை அந்நாட்டுக் கல்வியுலகில் நெடுங்காலம் வழங்கியது.

ஆய்வாளர் அறிக்கைகளில் வேண்டாத பகுதிகள் நீக்கப்பட்டன என்னும் குற்றச்சாட்டின்மேல் 1864இல் மக்களவை கண்டனத் தீர்மானம் நிறைவேற்ற, லோ பதவி விலகினார். பின்னர் அமைந்த விசாரணைக் குழு அவர்மீது குற்றமில்லை என்றது. அவர் குற்றமுடையரோ அல்லரோ, அவ்வழக்கு எழுந்தமை ஓர் உண்மையை உணர்த்துகின்றது. பெல்லாரியில் எண்ணுக்குத் துணையாக நின்ற சொல், இலண்டனில் எண்ணுக்கு இடையூறாகக் கருதப்படும் நிலைக்கு வந்துவிட்டது.

5. சென்னை மாகாணத்தில் தேர்ச்சி மானியம்

1854ஆம் ஆண்டுச் சார்லஸ் உட்டின் கல்வி ஆணை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் அளிக்கும் கொள்கையை இந்தியாவிற்கு வகுத்தது. சென்னையில் முதலில் ஆசிரியர் ஊதியத்திற்கு ஒரு பங்கு அளிக்கும் முறை கையாளப்பட்டது. ஆசிரியர் தகுதி பெற்றவராயிருத்தல் வேண்டும் என்னும் விதியால் ஊர்ப்புறத் திண்ணைப் பள்ளிகள் இதனாற் பயன்பெறவில்லை. எனவே 1860களின் நடுவில் தேர்ச்சி மானியம் புகுந்தது. 1868இல் திருத்திய விதிகளால் அது தொடக்கப் பள்ளிகளிடையே பரவியது. 1871ஆம் ஆண்டு உள்ளூர் நிதிச் சட்டம் இதற்கு வேண்டிய பணத்திற்கு வழி செய்தது.

இதன் நன்மையை மறைத்தல் நடுநிலை ஆகாது. ஆசிரியரின் சான்றிதழை வினவாமல் மாணவரின் அறிவை மட்டும் வினவியமையால், அதுவரை அரசின் கண்ணிற் படாதிருந்த ஊர் உபாத்தியாயர் முதன்முறையாக அரசுப் பணத்தைப் பெற்றார். தூரத்துச் சிற்றூர்ப் பள்ளியும் பதிவேட்டில் இடம் பெற்றது. இதனினும் எளிய வழியில் அத்துணைப் பள்ளிகளை அக்கால அரசு எட்டியிருத்தல் அரிது.

ஆயின் இந்நன்மையினுள்ளேயே வரலாற்றாசிரியர்க்கு ஓர் இடர் உள்ளது. 1868க்குப் பின்னர் அரசு அறிக்கைகளில் பள்ளிகளும் மாணவரும் விரைந்து பெருகுகின்றனர். இப்பெருக்கத்தைக் கல்விப் பெருக்கம் என்று கொள்ளுதல் எளிது. உண்மையில் அதில் ஒரு பகுதி, முன்னரே இருந்த திண்ணைப் பள்ளிகள் மானியத்தின்பொருட்டுப் பதிவேட்டிற்குள் வந்ததனால் நேர்ந்ததாகும். நேற்று எண்ணப்படாத பள்ளி இன்று எண்ணப்பட்டால் அட்டவணை அதனைப் புதிய பள்ளியாகவே காட்டும். ஊரில் புதிதாக எழுத்தறிந்தவர் ஒருவரும் இல்லாமலே அறிக்கையில் கல்வி வளர்ந்திருக்கும்.

6. திண்ணைப் பள்ளியின் உள்ளே நேர்ந்த மாற்றம்

திண்ணைப் பள்ளியின் உபாத்தியாயர் ஊராரின் மதிப்பால் வாழ்ந்தவர். மாதச் சம்பளம், நெல், விழாக்காலக் காணிக்கை என அவர் வருவாய் பலவாறாக வந்தது. மணலில் எழுதப் பழகி, பின்னர் ஓலைக்குச் சென்று, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களையும் நிகண்டையும் பாடம் செய்து, எண்சுவடி, நெல்லிலக்கம், குழிமாற்று முதலிய கணக்குகளை மனத்திற் பதித்துக்கொள்வது மாணவர் கடமை. ஒன்றை முந்நூற்றிருபதாகப் பகுத்த முந்திரி முதலாகக் காணி, மா என ஏறும் பின்னங்கள் நிலம் அளப்பவர்க்கும் நெல் அளப்பவர்க்கும் வணிகர்க்கும் நாள்தோறும் வேண்டப்பட்டவை. பையன் கற்றானா என்பதனைத் தந்தை கடையிலும் களத்திலும் கண்டறிந்தார். அளவுகோல் ஊரிடத்தே இருந்தது.

தேர்ச்சி மானியம் அவ்வளவுகோலை இடம் பெயர்த்தது. தரந்தோறும் பாடந்தோறும் தனித்தனி விலை வகுக்கப்பட்டது. உபாத்தியாயர் இனி நிறைவு செய்யவேண்டியது தந்தையை மட்டுமன்று. ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆய்வாளரையும் ஆம். விதியில் உள்ள பாடம் வருவாய் தருவது. விதியில் இல்லாத பாடம், எத்துணைப் பயனுடையதாயினும், வருவாய் தாராதது. செய்யுள் மனப்பாடம் பொருளறியாப் படிப்பு என்று காம்பெல் குறைகூறியது உண்மையே. அதனை நீக்கவந்த முறையோ அச்சு வாசகத்தின் மனப்பாடத்திற்கு இடம் தந்தது. மனப்பாடம் ஒழியவில்லை, மனப்பாடம் செய்யும் நூலே மாறிற்று.

விலை வகுக்கப்பட்டமையால் மாணவரிடையேயும் வேறுபாடு தோன்றுதல் இயல்பு. எளிதில் தேறுவோன் பள்ளிக்கு வருவாய். முயன்றும் தேறாதோன் பள்ளிக்கு இழப்பு. அறுவடைக் காலத்தில் வயலுக்குச் செல்லும் உழவர் பிள்ளைக்கும், முதல் தலைமுறையாக எழுத்தறியும் பிள்ளைக்கும் மிகுதியான உழைப்பு வேண்டும். மானிய விதி அவ்வுழைப்பைக் காண்பதில்லை, அவ்வோராண்டுத் தேர்ச்சியையே காணும். மிகுதியாக உதவி வேண்டிய ஊர்க்குக் குறைவாகவும், குறைவாக உதவி வேண்டிய ஊர்க்கு மிகுதியாகவும் பணம் செல்லும் வழி இது. ஆய்வு நாளில் பெய்த மழையும் பரவிய காய்ச்சலும் ஆசிரியரின் ஓராண்டு ஊதியத்தைக் குறைக்கவல்லனவாயின.

7. ஆணைக்குழுவின் தயக்கமும் முறையின் முடிவும்

1882இல் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் தலைமையில் அமைந்த இந்தியக் கல்வி ஆணைக்குழுவில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லரும் பூ. அரங்கநாத முதலியாரும் உறுப்பினராயிருந்தனர். அக்குழு தொடக்கப் பள்ளிகளுக்கு உதவி பெரும்பாலும் தேர்வு விளைவைப் பொறுத்தே அமைதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பின்தங்கிய மாவட்டங்களிலும் தனிச் சூழ்நிலையிலும் உள்ள பள்ளிகளுக்குத் தனி விதி வகுக்கலாம் என விலக்கும் தந்தது. கல்லூரிகளுக்கோ ஆசிரியர் தொகை, செலவு, திறன், அவ்வட்டாரத்தின் தேவை ஆகியவற்றை நோக்கி உதவி அளித்தல் வேண்டும் என்றது.

இவ்விரு பரிந்துரைகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். கல்லூரியின் தகுதி எண்ணில் அடங்காது. அதன் தேவையை நோக்குக என்றவர்கள், சிற்றூர்த் திண்ணையின் தகுதி எண்ணில் அடங்கிவிடும் எனக் கருதினர். பெரியோர் கல்விக்கு மதிப்பீடு. சிறியோர் கல்விக்கு எண்ணிக்கை. 'பின்தங்கிய மாவட்டம்' என்னும் விலக்கே, அவ்வெண் எல்லோர்க்கும் ஒரே நீதி செய்யாது என்பதனை அவர்கள் உணர்ந்திருந்தமைக்குச் சான்றாகும்.

இங்கிலாந்து 1890ஆம் ஆண்டு விதிகளால் இம்முறையைப் பெரிதும் கைவிட்டது. இந்தியாவில் கர்சன் ஆட்சியில் 1904 மார்ச்சு 11ஆம் நாள் வெளியான கல்விக் கொள்கைத் தீர்மானம் இதனைக் கைவிடத்தக்கதெனக் கண்டது. அடுத்த சில ஆண்டுகளில் அது மறைந்தது. பிறந்த நாட்டில் கைவிடப்பட்ட பின்னரும் நம் நாட்டில் பத்தாண்டுக்கு மேல் அது வாழ்ந்தது.

8. எண்ணின் நற்பயன்

இவற்றால் எண்ணே வேண்டா என்பது எம் கருத்தன்று. பணத்திற்கு விலையாகாமல் வினாவாக நின்ற எண் பெரும்பணி செய்துள்ளது. 1929இல் வெளியான ஹார்ட்டாக் குழுவின் அறிக்கை, 1922–23இல் முதல் வகுப்பிலிருந்த மாணவர் நூற்றுவருள் 1925–26இல் நான்காம் வகுப்பில் இருந்தோர் 18 பேரே எனக் காட்டியது. சேர்ந்தோர் தொகையைக் கண்டு மகிழ்ந்திருந்த நாட்டிற்கு, நின்றோர் தொகையை அவ்வெண் காட்டிற்று. எங்கே நழுவினர், ஏன் நழுவினர் என்னும் ஆராய்ச்சிக்கு அது வாயில் திறந்தது.

அதே ஹார்ட்டாக், காந்தியடிகள் 1931 அக்டோபர் 20இல் இலண்டனில் ஆங்கில ஆட்சியில் இந்தியாவின் எழுத்தறிவு குன்றியது எனக் கூறியபோது சான்று வேண்டி நின்றதும், பின்னர்ப் பழைய கணக்குகளின் நம்பகத்தன்மையை ஐயுற்று 1939இல் நூல் வெளியிட்டதும் அறிஞர் அறிவர். மன்றோவின் அட்டவணைகளைத் தரம்பால் 1983இல் விரிவாக அச்சிட்ட பின் அவ்வழக்கு மீண்டும் எழுந்தது. இருசாராரும் ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட எண்களைக் கொண்டு வழக்காட முடிந்தமைக்குக் காரணம், எண்ணியவர்கள் தம் ஐயங்களையும் உடன் எழுதிவைத்தமையே.

9. முடிவுரை

சென்னை மாகாணம் கண்ட பாடம் பிற்காலத்தில் மறக்கப்பட்டது. அமெரிக்காவில் 2002இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் தேர்வு எண்களைப் பள்ளிகளின் எதிர்காலத்தோடு பிணைத்தது. 2015இல் வேறொரு சட்டம் அதற்கு மாற்றாயிற்று. இடையில், அட்லாண்டா நகரில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 கல்விப் பணியாளர் மாணவரின் விடைகளைத் திருத்துதல் முதலிய முறைகேடுகளில் தொடர்புடையவர் என 2011இல் ஒரு விசாரணை அறிக்கை கூறிற்று. சமூக முடிவுகளுக்கு ஓர் எண் எத்துணை மிகுதியாகப் பயன்படுகின்றதோ அத்துணை மிகுதியாக அது திரிபுக்கு உள்ளாகும் என்று டொனால்டு காம்பெல் 1976இல் எழுதினார். இவர் வேறு, பெல்லாரிக் காம்பெல் வேறு. எனினும் இருவர் கூற்றும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

கல்வி வரலாற்றை ஆராயும் மாணவர் ஓர் எண்ணைக் கண்டவிடத்து நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். எண்ணியவர் யார்? எப்படிவத்தில் எண்ணினார்? படிவம் எதனை விட்டது? எண் உயர்ந்தால் ஊதியம் பெறுவார் யார்? முதல் மூன்றும் நமக்குப் பழக்கமான சுவடியாராய்ச்சி வினாக்களே. நான்காவது வினாவையே தேர்ச்சி மானிய வரலாறு நமக்குப் புதிதாகக் கற்பிக்கின்றது. அவ்வினாவிற்கு விடை காணாமல் 1868க்குப் பிற்பட்ட பள்ளி எண்களை 1822ஆம் ஆண்டு எண்களோடு ஒப்பிடுதல், இருவேறு கோல்களால் அளந்த நிலங்களை ஒப்பிடுதல் போலாகும்.

மன்றோவின் அட்டவணையில் 26,903 என்னும் எண் இன்றும் ஐயத்திற்குரியதாகவே நிற்கின்றது. பள்ளிக்கு வெளியே, எவர் பதிவேட்டிலும் ஏறாமல், வீடுகளில் எழுத்தறிந்த அச்சிறுவர் எத்துணையர் என்பதனை எவரும் உறுதியாகக் கூறார். ஆயினும் அவர்கள் இருந்தனர் என்பதனையேனும் நாம் அறிகின்றோம். அதற்கு அவ்வெண்ணும் அதன் அருகே எழுதப்பட்ட ஐயமும் ஒருங்கே காரணமாகும்.